முகம் சொன்ன சாட்சி

குழந்தை பிறந்த வீட்டில் முதல் காரியமாக நடப்பது விமர்சனம்தான். மருந்து வாசனை அடங்குமுன்பே பாட்டிமார்கள் வந்து தொட்டிலைச் சூழ்ந்துகொண்டுவிடுவார்கள். மூக்கு அப்பன் மூக்கு, நெற்றி தாய்மாமன் நெற்றி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எடை போடுவார்கள். நிறத்தைப் பற்றி மட்டும் உடனே தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். அனுபவசாலிகள், பிறந்த நிறம் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். காது மடலைத் திருப்பிப் பார்த்து, "இந்த நிறத்துக்குத்தான் வந்து நிற்கும்" என்பார்கள். என் காது மடலைப் பார்த்த அத்தைப்பாட்டி ஒன்றும் சொல்லாமல் திண்ணைக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டாளாம். என் அப்பாவும் அம்மாவும் மாநிறம். அண்ணன் நல்ல சிவப்பு. நான் கறுப்பு. ஆகவே என்னைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன். ராத்திரி படுத்துக்கொண்டு, எத்தனை படித் தவிடு கொடுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டதும் உண்டு.

எங்கள் வீட்டில் வேடிக்கையாகப் போன இந்த விமர்சனம் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் ஒரு காலத்தில் உயிரைக் குடிக்கிற விஷயமாக இருந்தது. அதைப் பற்றிச் சிறந்த கதாசிரியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் நாலைந்தைச் சமீபத்தில் ஒரு மாத காலத்துக்குள் சேர்த்துப் படிக்க நேர்ந்தது. தனித்தனியாகப் படித்தபோது தெரியாத ஒரு விஷயம் சேர்த்துப் படித்தபோது தெரிந்தது. இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு முகம் சாட்சி சொல்ல வருகிறது. அந்தச் சாட்சியத்தைக் கதாசிரியர் என்ன செய்கிறார் என்பதை வைத்தே அவருடைய தரத்தை நிர்ணயித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கேட் ஷோப்பான் எழுதிய "டெஸிரேயின் குழந்தை". 1893ல் 'வோக்' என்ற பத்திரிகையில் வெளிவந்த சின்னக் கதை. ஏழெட்டுப் பக்கங்களுக்கு மேல் இராது. லூயிஸியானாவில் அடிமை முறை இருந்த காலத்தில் நடக்கிறது. டெஸிரே யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தை. ஒரு நல்ல குடும்பம் எடுத்து வளர்த்தது. ஆர்மாண்ட் ஒபின்யி என்ற பண்ணைக்காரன் அவளைக் கண்டு மயங்கிக் கல்யாணம் செய்துகொள்கிறான். பிள்ளை பிறக்கிறது. மூன்று மாதம் போனபின் ஒரு நாள், அடிமைச் சிறுவன் ஒருவன் மயிலிறகு விசிறியால் குழந்தைக்கு வீசிக்கொண்டு நிற்கிறான். டெஸிரே அவனைப் பார்க்கிறாள், குழந்தையைப் பார்க்கிறாள், திரும்பவும் அவனைப் பார்க்கிறாள். அவள் ரத்தம் உறைந்துபோகிறது. குழந்தை வெள்ளை இல்லை. ஆகவே நீயும் வெள்ளை இல்லை என்று புருஷன் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். அவள் தன் கையை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறாள். அவளுடைய கைதான் வெளுப்பு. அந்தச் சாட்சி எடுபடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சதுப்பு நிலத்துப் பக்கமாக நடந்து போகிறாள், திரும்பி வரவில்லை. சில வாரங்கள் கழித்து ஆர்மாண்ட் அவளுடைய சாமான்களைக் கொளுத்துகிறபோது பழைய கடிதம் ஒன்று அகப்படுகிறது. அவனுடைய தாய் அவன் தகப்பனுக்கு எழுதியது. கறுப்பு வம்சத்தில் வந்தவள் அவன் தாய்தான்!

இந்தக் கடைசிக் கடிதத்துக்காகவே இந்தக் கதையை நூறு வருஷத்துக்கும் மேலாக மெச்சிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. அதைப் படித்ததும் வாசகனுக்கு ஒரு திருப்தி ஏற்படுகிறது. அகம்பாவம் பிடித்தவன் அகப்பட்டுக்கொண்டான், சரிதான் என்று புஸ்தகத்தை மூடிவிடுகிறான். கறுப்பு ரத்தம் யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யாரிடம் இருந்தால்தான் என்ன என்ற கேள்வி எழும்பாமலே படுத்துவிடுகிறது. கடிதம் அகப்படாமலே போயிருந்தால்? டெஸிரேயே கறுப்பு வம்சத்தவளாக இருந்திருந்தால்? ஆர்மாண்ட் செய்தது நியாயமாகிவிடுமா? கடைசி வரியில் வெடிக்கிற வெடி பக்கத்தில் இருக்கும் மெல்லிய சப்தங்களை அமுக்கிவிடும். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை அறிந்திருக்கவேண்டும்.

அமுங்கிப்போன மெல்லிய சப்தம் ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது. விசிறிக்கொண்டு நிற்கிறானே, அந்தச் சிறுவன் யார்? லா ப்ளான்ஷ் என்கிற வெளுத்த நிறமுடைய அடிமைப் பெண்ணின் மகன். சில பக்கங்களுக்கு முன்னால், குழந்தை போட்ட கூச்சல் லா ப்ளான்ஷின் குடிசை வரையில் ஆர்மாண்டுக்குக் கேட்டதாம் என்று டெஸிரே பெருமையாகத் தன் தாயிடம் சொல்லியிருக்கிறாள். ஆர்மாண்டுக்கு அந்தக் குடிசையில் என்ன வேலை? ஷோப்பான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் கலை. டெஸிரே இரண்டு முகங்களிலும் கண்டது ஒரே இனத்தின் சாயல் என்று அவளும் நினைத்தாள், அவள் புருஷனும் நினைத்தான், வாசகர்களிலும் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது ஒரே தகப்பனின் ஜாடையாக இருக்கலாம். அண்ணன் தம்பிக்கு விசிறிக்கொண்டு நின்றிருக்கலாம். ஜாடையைக் காண வேண்டிய இடத்தில் ஜாதியைக் கண்டார்கள் என்பதுதான் கதையின் உண்மையான ரகசியம் என்று நான் கருதுகிறேன். அதற்குக் கடிதம் எதுவும் தேவையில்லை.

இது என் கற்பனை என்று சிலர் சொல்லக்கூடும். அந்த நாட்டுச் சரித்திரம் அப்படிச் சொல்லவிடாது. வெர்ஜீனியாவில் 1662லேயே ஒரு சட்டம் செய்து வைத்தார்கள்: தாயின் நிலை எதுவோ அதுவே பிள்ளையின் நிலை. அடிமைப் பெண்ணுக்கு எஜமானால் பிறந்த பிள்ளையும் அடிமை. தகப்பன் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவேண்டியதில்லை. ஆனால் முகத்தைச் சட்டத்தால் தடுக்க முடியுமா? விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா? ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்ஸனின் மாளிகையில் ஸாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவர், தூரத்திலிருந்து பார்த்தால் ஜெஃபர்ஸனோ என்று மயங்கும்படி இருந்தாராம். ஜெஃபர்ஸனுடைய பேரனே பிற்காலத்தில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. 1998ல் ஹெமிங்ஸ் வம்சத்து ஆண் வழியின் மரபணுவைச் சோதித்தபோது, அது ஜெஃபர்ஸன் குடும்பத்து ஆண் வழியோடு ஒத்துப்போயிற்று. ஜெஃபர்ஸனின் மாளிகையைப் பராமரிக்கிற ஸ்தாபனமே 2000ல் அவர்தான் தகப்பனாக இருந்திருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. முகம் இருநூறு வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சோதனைக்குழாய் சொன்ன பிறகே கேட்டுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் பரம்பரையைப் பற்றிய விஞ்ஞானத்தைக் கொஞ்சம் பார்த்துவிடவேண்டியிருக்கிறது. நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படித்தவனில்லை. மெண்டலின் பட்டாணிச் செடி வரையில்தான் எனக்குப் பாடம் நடந்தது. நெட்டைச் செடி, குட்டைச் செடி; நடுத்தரம் என்பதே கிடையாது. மனிதனுடைய தோல் நிறம் அப்படிப்பட்டதல்ல என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1913ல் டேவன்போர்ட் என்ற அமெரிக்கர் இரண்டு ஜோடி மரபணுக்களே நிறத்தைத் தீர்மானிப்பதாகச் சொன்னார். இப்போது அவை பலப்பல என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மையைக் கூட்டும், அல்லது குறைக்கும். தாய் தன்னிடமுள்ளதில் பாதியைக் கொடுக்கிறாள். தகப்பன் பாதியைக் கொடுக்கிறான். எந்தப் பாதி என்பது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. இருவரும் கலப்பு வம்சத்தவர்களாக இருந்தால், ஒரு பிள்ளைக்குக் கறுப்புச் சீட்டுகள் அதிகமாக விழும். அடுத்ததற்கு வெளுப்புச் சீட்டுகள் விழும். 2018 ஏப்ரலில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' பத்திரிகை, இனம் என்ற விஷயத்துக்கே ஒரு முழு இதழை ஒதுக்கி, அட்டையில் இங்கிலாந்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகளின் படத்தைப் போட்டது. ஒருத்தி வெள்ளைக்காரப் பெண் மாதிரி. மற்றவள் கறுப்புப் பெண் மாதிரி. ஒரே கர்ப்பம், ஒரே நாள் பிறப்பு.

இது கடல் கடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பியரின் வெளுப்புக்கு முக்கியக் காரணமான மரபணு ஒன்றை 2005ல் ஒரு சின்ன மீனை வைத்து ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். அதே வெளுப்பு வடிவம் இந்தியாவிலும் பரவலாக இருக்கிறது, தென்னிந்தியர்களிடமும் உண்டு. நாமும் பல தேசத்துச் சீட்டுகள் கலந்த கட்டுதான். என் அண்ணனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் தவிட்டால் வந்ததல்ல என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு முழு நிச்சயம் ஏற்பட்டது என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் இந்தச் சீட்டாட்டத்துக்கும் எல்லை உண்டு. ஒரு பக்கம் முழுக்க வெளுப்புச் சீட்டுகளே இருந்தால், பிள்ளை பொதுவாகக் கலப்பு வம்சத்துப் பெற்றோரைவிட வெகுவாகக் கறுத்துவிடுவதில்லை. எங்கேயோ ஏழு தலைமுறைக்கு முன் இருந்த ஒரு பாட்டன் திடீரென்று கரிய குழந்தையாக வந்து குதிப்பான் என்பது கதைக்காரர்களும் வம்பளப்பவர்களும் கூடி வளர்த்த பயம். இந்த விஷயத்தில் ஷோப்பானை நான் பாராட்டவேண்டும். அவள் ஏமாற்றவில்லை. ஆர்மாண்டின் முகம் கருமை படர்ந்தது என்று போகிறபோக்கில் சொல்லி வைத்திருக்கிறாள். குழந்தையின் நிறம் மாதக் கணக்கில்தான் தெரிய வருகிறது என்பதும் நம் பாட்டிமார்களின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

அடுத்து மார்க் ட்வெயினின் "புட்டன்ஹெட் வில்ஸன்". 1894ல் புஸ்தகமாக வந்தது. ராக்ஸி என்ற அடிமைப் பெண் பதினாறில் ஒரு பங்குதான் கறுப்பு. அவள் மகன் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நீலக் கண், பொன்னிற முடி. எஜமானின் பிள்ளைக்கும் அவனுக்கும் துணியைத் தவிர வித்தியாசமே கிடையாது. எஜமானே துணியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்வான். ராக்ஸி துணியை மாற்றிவிடுகிறாள். அவ்வளவுதான்! அடிமை எஜமானாகிவிட்டான், எஜமான் அடிமையாகிவிட்டான்.

முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்றால் என்ன? ஐந்து தலைமுறைக்கு முன்னால் இருந்த முப்பத்திரண்டு பாட்டன் பாட்டிகளில் ஒருவர். நம்மில் எத்தனை பேருக்கு அந்த முப்பத்திரண்டு பேரில் நாலு பேருடைய பெயராவது தெரியும்? மரபணுக்கள் இந்தக் கணக்குப்படி சரிசமமாகப் பங்கு பிரிந்து வருவதுமில்லை. ஒருவர் அதிகமாக விட்டுப்போவார், ஒருவர் குறைவாக விட்டுப்போவார். இருந்தும் ட்வெயின் கேலிக்காகப் போட்ட இந்தக் கணக்கு லூயிஸியானாவில் 1970ல் நிஜமாகவே சட்டமாயிற்று. முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கறுப்பர் என்று எழுதி வைத்து, 1983ல்தான் அதை ரத்து செய்தார்கள். நையாண்டி எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி வேறென்ன இருக்கமுடியும்?

நாவல் என்ற அளவில் "புட்டன்ஹெட் வில்ஸன்" செம்மையானதல்ல. அவசரத்தில் தைத்த சட்டை மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கிறது. எஜமானாக வளர்ந்தவன் கோழையாகவும் திருடனாகவும் ஆவதற்கு வளர்ப்பு காரணமா, ரத்தம் காரணமா என்று ட்வெயின் ஒரு முடிவுக்கு வரவில்லை. ராக்ஸியே தன் மகனைப் பார்த்து, உன்னிடமுள்ள கறுப்புத்தான் உன்னைக் கோழையாக்குகிறது என்று திட்டுகிறாள். அது அவளுடைய பேதைமையா, ஆசிரியருடைய சந்தேகமா என்பது விளங்காது. ஆனால் முடிவு அற்புதமானது. கைரேகை உண்மையைக் காட்டிக்கொடுத்தபின், உண்மையான வாரிசு சொத்தும் சுதந்திரமும் பெறுகிறான். பேச்சு அடிமைப் பேச்சு. நடை அடிமை நடை. வெள்ளையர் கூடத்தில் உட்காரப் பயம். பழைய சமையற்கட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. வெள்ளை முகம் அவனுக்கு ஒரு உபயோகமும் செய்யவில்லை. போலி வாரிசைக் கடன்காரர்கள் சொத்தாகப் பாவித்து விற்றுவிடுகிறார்கள். இந்தக் கடைசி இரண்டு பக்கங்களுக்காக முன்னாலிருக்கும் அத்தனை குழப்பத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் தலைசிறந்ததாக நான் கருதுவது நெல்லா லார்ஸனின் "பாஸிங்" (1929). வெளுத்த நிறமுடைய கறுப்பர்கள் தங்களை வெள்ளையராகக் காட்டிக்கொண்டு வாழ்வதற்கு அந்த நாட்டில் வழங்கிய சொல்தான் தலைப்பு. லார்ஸனுக்கு இந்த விஷயம் வெளியிலிருந்து வந்ததல்ல. 1891ல் சிகாகோவில் பிறந்தவர். தாய் டென்மார்க்கிலிருந்து வந்த வெள்ளைக்காரி. தகப்பன் டேனிஷ் மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்த கறுப்பர். தாய் பிறகு ஒரு வெள்ளையரை மணந்துகொண்டாள். வெள்ளைத் தங்கை பிறந்தாள். ஒரு வீட்டில் எல்லோரும் வெள்ளையாக இருக்க, தான் மட்டும் வேறு நிறமாக இருந்து வளர்ந்தவர்.

அந்த நாவலில் ஒரு தேநீர்க் காட்சி வருகிறது. மூன்று பெண்கள். க்ளேர் தன் வம்சத்தை மறைத்து ஒரு வெள்ளையனை மணந்திருக்கிறாள். அவனோ கறுப்பர் என்றாலே அருவருப்பவன். கெர்ட்ரூடின் புருஷனும் வெள்ளையன், விஷயம் தெரிந்தவன். ஐரீன் கறுப்பராகவே வாழ்கிறவள். பேச்சு பிள்ளைப்பேற்றில் வந்து நிற்கிறது. மகள் பிறக்கும் வரையில் ஒன்பது மாதமும் பயத்தால் செத்துக்கொண்டிருந்தேன், இனி ஒன்று வேண்டவே வேண்டாம் என்கிறாள் க்ளேர். கெர்ட்ரூடும் அதையே சொல்கிறாள். கறுத்த பிள்ளையை யார் விரும்புவார்கள் என்கிற அர்த்தத்தில் பேச்சு போகிறது. என் பையன்களில் ஒருவன் கறுப்பு என்று ஐரீன் அமைதியாகச் சொல்கிறாள். அந்த இடத்தில் மற்ற இருவரும் தடுமாறுவதை லார்ஸன் எழுதியிருக்கிற விதம் இருக்கிறதே, அது ஒரு பெரிய எழுத்தாளரின் கை.

க்ளேரின் மகள் கறுப்பாகப் பிறக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இரண்டாந்தர ஆசிரியனாக இருந்தால் அவளைக் கறுப்பாகப் பிறக்க வைத்து, புருஷனைத் துப்பாக்கி எடுக்க வைத்திருப்பான். லார்ஸன் முகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. வெள்ளைப் புருஷனுக்கும் வெளுத்த மனைவிக்கும் கரிய பிள்ளை பிறந்துவிடும் என்ற பயத்துக்கு விஞ்ஞான ஆதாரம் சொற்பம். ஆனால் பயம் ஒன்பது மாதமும் நிஜம். அந்தப் பயம்தான் அவருடைய விஷயம். ஒரு தாய் தன் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் போலீஸ்காரனைப் போல எதிர்பார்த்திருக்கிறாள். கடைசியில் க்ளேர் ஜன்னலிலிருந்து விழுந்து சாகிறபோது, விழுந்தாளா, தள்ளப்பட்டாளா என்றுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. கதையின் மற்றச் சாட்சியங்களைப் போலவே அதுவும் பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. 2021ல் இதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்த ரெபெக்கா ஹால் என்ற நடிகையின் தாய்வழிப் பாட்டனாரும் தம் வம்சத்தை மறைத்து வாழ்ந்தவர் என்று அறிகிறேன். மறைத்தது மூன்றாம் தலைமுறையில் கலையாக வெளிவந்திருக்கிறது.

லார்ஸன் நாவலுக்குள் ஒரு வழக்கைத் தொட்டுவிட்டுப் போகிறார். 1925ல் நியூயார்க் மாகாணத்தில் நடந்தது. ரைன்லாண்டர் என்ற பணக்கார வீட்டுப் பையன் ஆலிஸ் ஜோன்ஸ் என்ற பெண்ணை மணந்துகொண்டான். அவள் வண்டியோட்டி ஒருவரின் மகள். தகப்பன் கலப்பு வம்சத்தவர். குடும்பத்தார் நெருக்கியதும், தன்னை வெள்ளை என்று சொல்லி ஏமாற்றிவிட்டாள், கல்யாணம் செல்லாது என்று வழக்குப் போட்டான். அவளுடைய வக்கீலே ஒரு யுக்தி செய்தார். இவள் உடம்பைப் பார்த்தவனுக்கு இவள் நிறம் தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்டு, அவளை ஆடையைத் தளர்த்தச் சொல்லி, ஜூரிகளுக்கு முன் நிறுத்தினார். ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். வழக்கில் ஆலிஸ்தான் ஜெயித்தாள். அப்படி ஜெயித்தவள் எப்படி வீட்டுக்குத் திரும்பி நடந்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அதை எழுத எனக்குத் திறமை இல்லை.

வில்லியம் ஃபாக்னரின் "லைட் இன் ஆகஸ்ட்" (1932) பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஜோ கிறிஸ்மஸ் என்ற அநாதைக்குத் தன் உடம்பில் கறுப்பு ரத்தம் இருக்கிறதா என்று கடைசி வரையில் தெரியாது. ஃபாக்னரும் சொல்லமாட்டார். நீ கறுப்பன் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவளிடம், தெரியாது, அப்படி இல்லையென்றால் என் காலத்தையெல்லாம் வீணாக்கிவிட்டேன் என்ற பொருள்பட அவன் பதில் சொல்கிறான். ஷோப்பானின் கடிதத்துக்கு இது நேர் எதிர். கடிதமே இல்லாத கதை. முகம் வெளுப்பு, சாட்சி கிடையாது, வெறும் வதந்தியை வைத்தே ஊர் அவனைக் கொன்று தீர்க்கிறது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, கடைசிப் பகுதியில் ஒரு படித்த வக்கீலின் வாயால் கறுப்பு ரத்தம் இப்படி இழுத்தது, வெள்ளை ரத்தம் அப்படி இழுத்தது என்று ஒரு பிரசங்கம் செய்யவைக்கிறார். அது வக்கீலின் அசட்டுத்தனம், ஆசிரியரின் கருத்தல்ல என்று சமாதானம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்தப் பிரசங்கம் பல வாசகர்களுக்கு விளக்கவுரையாகிவிட்டது.

கதைகளை விட்டுவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 1950ல் மக்களை இனவாரியாகப் பதிவுசெய்யச் சட்டம் போட்டார்கள். தோற்றமும், சமூகத்தார் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதும்தான் அளவுகோல். முடிக்குள் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா, நிற்கிறதா என்று பார்த்துக்கூட மனிதர்களைத் தரம் பிரித்தார்கள். 1955ல் ஸாண்ட்ரா லெயிங் என்ற பெண் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தாள். பழுப்பு நிறம், சுருட்டை முடி. பத்து வயதில் போலீஸ்காரர்கள் வந்து அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். 1966ல் அரசாங்கம் அவளைக் 'கலப்பினம்' என்று மாற்றிப் பதிவுசெய்தது. தகப்பன் கோர்ட்டுக்குப் போனார். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அவர் தகப்பனல்ல என்று பரிசோதனை சொல்லவில்லை. 1967ல் சட்டம் திருத்தப்பட்டு, வெள்ளைப் பெற்றோரின் பிள்ளை வெள்ளையே என்று ஆயிற்று. அவள் மறுபடியும் வெள்ளையானாள். ஆனால் வெள்ளைப் பிள்ளைகள் அவளோடு விளையாட வரவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் ஒரு கறுப்பரோடு போய்விட்டாள். தகப்பன் அதோடு அவளைக் கைகழுவினார். பிள்ளைகள் பிறந்தபின், அவர்களைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக, தன்னைக் கலப்பினமாக மாற்றும்படி அவளே மனுச் செய்யவேண்டியிருந்தது. ஒரே தோல், ஒரே முகம். பதிவேட்டில்தான் மாற்றம். அந்தச் சட்டம் 1991ல் ரத்தாயிற்று.

இதற்கு விஞ்ஞான விளக்கம் கஷ்டமில்லை. அந்நாட்டு வெள்ளையர் பலரிடமும் பழைய கலப்பு உண்டு என்று ஆராய்ந்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்தும்கூட, அடிமைகளைக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். தாயும் தகப்பனும் தங்களுக்கே தெரியாமல் வைத்திருந்த சீட்டுகள் அந்தப் பெண்ணிடம் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கலாம். ஊராருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் அவள் தாயைத்தான் சந்தேகித்தார்கள்.

அவள் தாய் என்று எழுதுகிறபோது எனக்குக் கை நிற்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்து வயதில் நான் "ஜாடை" என்று ஒரு கதை எழுதினேன். சிவந்த தம்பதிக்குக் கறுத்த பெண் பிறக்கிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை. கடைசி வரியில், வேலி ஓரம் நிற்கும் ஏர்க்காரன் திரும்பிப் பார்க்கிறான். அவனுக்கும் அதே நிறம். அவ்வளவுதான் கதை. பூடகமாக முடித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. பத்திரிகையில் வந்தது. நண்பர்கள் கடைசி வரியைப் புகழ்ந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வயதான ஒரு அம்மாள், பெயர் போடவில்லை. "தம்பி, கதை நன்றாக எழுதியிருக்கிறாய். நானும் அப்படிப் பிறந்தவள்தான். நான் பிறந்த பிறகு அப்பா என் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுக்கு வருவார், போவார். முப்பத்தொரு வருஷம். அவர் செத்துக் கிடந்தபோது, கூடத்தில் வந்து நின்றவர்கள் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நிறம்தான் வேறே தவிர அச்சு வார்த்த மாதிரி அப்பன் ஜாடை என்று சொன்னார்கள். அம்மா உள்ளே இருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தைகூட இல்லை.

பதில் போடலாமென்றால் விலாசமில்லை. இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்பதும் தெரியவில்லை. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை நான். எனக்கல்லவா தெரிந்திருக்கவேண்டும்? ஒரு நல்ல கடைசி வரி கிடைத்துவிட்டால் எழுத்தாளனுக்குத் தன் வீடே மறந்துபோகிறது.

கேட் ஷோப்பானின் கடிதத்தை நான் குறை சொன்னது இந்த அனுபவத்தில்தான். அவளுடைய கதையில் கடிதத்தைத் தாண்டியும் பார்ப்பதற்கு விசிறியோடு ஒரு சிறுவன் நிற்கிறான். என் கதையில் கடைசி வரியைத் தாண்டி ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்ணின் தாய்க்கு நான் பேச ஒரு வரி கொடுக்கவில்லை.

போன வருஷம் என் சிறுகதைகளைத் தொகுத்துப் போட முன்வந்த பதிப்பாளர், "ஜாடை"யைச் சேர்க்கவேண்டும், வாசகர்கள் கேட்கிறார்கள் என்றார். வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். கதை மோசமா என்று கேட்டார். கடைசி வரி நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்றேன். அவர் வேறு ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டு பக்கத்தைச் சரிக்கட்டிவிட்டார்.